சிவப்பு நூல் வரைக்கும்

தட்டில் நான்கு இட்லி வைத்தால் என் வீட்டுக்காரர் இரண்டைத்தான் தின்பார். வலது பக்கம் இருக்கிற இரண்டை. தின்று முடித்துவிட்டு, "இன்னா புஷ்பா, ரெண்டே ரெண்டு வச்சிருக்க? மாவு கம்மியா?" என்று கேட்பார். நான் தட்டைத் திருப்பி வைப்பேன். "அதான பாத்தேன்" என்று மிச்ச இரண்டையும் சாப்பிடுவார். அந்த இரண்டும் அதுவரைக்கும் எங்கே இருந்தன என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

ஜூன் மாதம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. இடது கை போனது, போனதுதான். இடது கால் கோல் ஊன்றி நடக்கிற அளவுக்குத் திரும்பி வந்தது. ஆனால் இடது பக்கம் என்கிற பக்கமே அவருக்கு வரவில்லை. கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் சொன்னார். கண் பார்க்கிறதாம், மூளைதான் அதை எடுத்துக்கொள்ள மாட்டேன் என்கிறதாம். முகச்சவரம் செய்தால் வலது கன்னம் மட்டும் பளபளக்கும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆண்கள் வலது பக்கம், பெண்கள் இடது பக்கம். ஆராதனை முடிந்து வெளியே வந்ததும், "இன்னிக்கி பொம்பளைங்க யாருமே வரல போல" என்பார். முதல் தடவை கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்புக்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

யாருக்கு வந்தது பாருங்கள். வில்சன் என்றால் ஆம்பூர்ப் பக்கம் எங்கள் ஷூ கம்பெனியில் எல்லாருக்கும் தெரியும். இருபத்திரண்டு வருஷம் தோல் பார்த்தவர். பதனிட்டு வந்த தோலை மேஜை மேல் விரித்து, எங்கே உண்ணிக்கடி, எங்கே முள் கீறல், எங்கே மாட்டுக்குச் சூடு போட்ட தழும்பு என்று வெள்ளி மைப் பேனாவால் வட்டம் போடுவார். அந்த வட்டங்களை விட்டுவிட்டு, நல்ல இடமாகப் பார்த்துத்தான் கட்டிங் ஆட்கள் அச்சு வைத்து வெட்ட வேண்டும். ஊசிமுனை அளவு உண்ணிக்கடிகூட அவர் கண்ணுக்குத் தப்பாது.

நானும் அதே கம்பெனிதான். கடைசி லைனில் செக்கர். வலது ஷூவை வலது கையிலும் இடது ஷூவை இடது கையிலும் தூக்கிப் பிடித்து, ஜோடி சேருகிறதா இல்லையா என்று சொல்கிற வேலை. எனக்கு வாய் ஜாஸ்தி என்று லைனில் பெயர். இருக்கட்டும். வாய் இல்லாதவள் செக்கராக இருந்தால் ஊர் உலகமெல்லாம் கோணல் ஷூ போட்டுக்கொண்டு நடக்கும்.

வேலூர்ப் பக்கம் பாகாயம் ஆஸ்பத்திரியில் ஆறு வாரம் வைத்திருந்து பயிற்சி கொடுத்தார்கள். தெரபி கொடுத்த பெண் ஹஃப்ஸா, எங்கள் மகள் ஜெனிஃபாவைவிட இரண்டு வயது சின்னவள். பொறுமைசாலி. ஆகஸ்டில் வீட்டுக்கு அனுப்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"ஆன்ட்டி, தண்ணி, போனு எல்லாத்தையும் அங்கிளுக்கு லெஃப்ட்ல வைங்க. நீங்களும் லெஃப்ட்லயே ஒக்காருங்க. அவரு தேடணும். தேடத் தேடத்தான் அந்தப் பக்கம் திரும்பி வரும். இந்த மூணு நாலு மாசம்தான் முக்கியம். அப்புறம் ரொம்ப கஷ்டம். ரெண்டு பேரும் ஏதாவது போர்டு கேம் ஆடுங்க. கண்ணு அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் போய்ட்டு வரணும்."

தலையை ஆட்டினேன். ஆட்டுவதற்கு என்ன, தலை இருக்கிறது.

பஜாரில் ஒரு லூடோ வாங்கி வந்தேன். அவர் அதைப் பார்த்ததும் கடைக்காரனைத் திட்ட ஆரம்பித்துவிட்டார். "இது இன்னா, ரெண்டு கலருதான் இருக்குது? நாலு இருக்கணுமே. பாதி போர்ட உன் தலைல கட்டிட்டான் புஷ்பா. போய் மாத்திக்கினு வா." நான் போர்டைத் திருப்பினேன். இப்போது வேறு இரண்டு கலர் தெரிந்தது. "இப்ப அது ரெண்டும் எங்க போச்சி?" என்றார். லூடோவில் வழி நான்கு பக்கமும் சுற்றும். காய் பாதி நேரம் அவர் உலகத்தை விட்டே போய்விடும். அது சரிப்படாது என்று அன்றைக்கே எடுத்துப் பரண்மேல் போட்டேன்.

எங்கள் இரண்டு பேருக்கு என்று ஒரு ஆட்டம் நாமே செய்தால் என்ன என்று தோன்றியது. நேர் வழி, சுற்றல் இல்லாத வழி. கம்பெனியில் கழித்துப் போட்ட லைனிங் தோல் ஒரு துண்டைக் கேட்டு வாங்கினேன். சோல் ஒட்டுகிற இடத்தில் இருக்கும் அஜீஸுன்னிசா சோல் ரப்பரில் கட்டை விரல் அளவுக்கு ஒரு பகடை வெட்டிக் கொடுத்தாள். ஷூ லேசுக்குத் துளை போடுகிற உளியால் அதில் ஒன்றிலிருந்து ஆறு வரை நானே புள்ளி குத்தினேன். சத்தமே போடாத பகடை. ஆனால் தரையில் விழுந்தால் குதித்து நேரே கட்டிலுக்கு அடியில்தான் போகும்.

தோலில் வெள்ளிப் பேனாவால் இரண்டு வரிசை போட்டேன், வரிசைக்கு இருபது கட்டம். ஒரு வரிசை அவருக்கு, ஒரு வரிசை எனக்கு. வலது கோடியில் புறப்பாடு, இடது கோடியில் வீடு. ஹஃப்ஸா சொன்ன மாதிரியே கண் இடது பக்கம் போக வேண்டும் என்று அப்படி வைத்தேன். ஆளுக்கு இரண்டு காய், அவருக்குப் பித்தளைப் பட்டன், எனக்குக் கறுப்புப் பட்டன். இரண்டும் வீடு போய்ச் சேர்ந்தால்தான் ஜெயம். ஒற்றை ஷூவை எவன் வாங்குவான்?

இந்த அளவில் எனக்கு யோசனை தீர்ந்துவிட்டது. அவர்தான் எட்டிப் பார்த்துவிட்டு, "சும்மா நடந்து போறதுல இன்னா இருக்குது? வழில பழுது வேணும்" என்றார். வெள்ளிப் பேனாவை என் கையிலிருந்து பிடுங்கினார். ஜூனுக்கு அப்புறம் அன்றைக்குத்தான் அந்தப் பேனாவைத் தொட்டார். அங்கங்கே வட்டம் போட்டுக்கொண்டே விதி சொன்னார்.

"உண்ணிக்கடில நின்னா ஒரு கட்டம் பின்னால. கீறல்னா மூணு. சூட்டுத் தழும்புன்னா மொதல்லருந்து. அப்புறம், என் காயும் உன் காயும் எதிரெதிர் கட்டத்துல வந்து நின்னா ஜோடி. யாரு போட்டாங்களோ அவங்க இன்னொரு தபா போடலாம்."

"அது எதுக்கு?"

"சேந்து நின்னா ஏதாவது கெடைக்கணும் இல்ல?" என்றார்.

அவர் போட்ட வட்டம் எல்லாம் வலது பக்கத்துப் பத்துக் கட்டத்துக்குள்ளேயே இருந்தது. இடது பக்கத்துப் பழுதுகளை அப்புறம் நான் போட்டேன்.

முதல் ஆட்டம் பத்தாவது கட்டம் வரைக்கும் நன்றாகத்தான் போனது. அதற்கு மேல் காய் இடது பக்கம் நகர நகர அவருக்கு அது இல்லாமல் போனது. "என் காயி எங்க? எடுத்து ஒளிச்சிட்டியா?" என்பார். "லெஃப்ட்ல பாருங்க. இன்னும். இன்னுங்கொஞ்சம்" என்பேன். தலையை ஒரு விரல்கடை திருப்புவார், உடனே வலது பக்கமே வந்துவிடுவார். நான் அவருக்கு இடது பக்கம் உட்கார்ந்து கத்துவேன். குரல் கேட்டதும் அவர் வலது பக்கம் திரும்பிக் கதவைப் பார்ப்பார். இடது பக்கத்துச் சத்தம்கூட அவருக்கு வலது பக்கமிருந்துதான் கேட்கும். ஒன்பது நாள் இப்படி ஆடினோம். ஒன்பது நாளும் அவர் தோற்றார். இரண்டு காயும் பாதி வழியில் நிற்கும், அவர் மூன்றாவது காய் கேட்டுச் சண்டை போடுவார்.

பத்தாம் நாள் பகடையைத் தூக்கி எறிந்துவிட்டு அழுதார்.

"ஏன் புஷ்பா இப்டி பண்ற? நான் ஒண்ணுத்துக்கும் ஆவாதவன்னு தெனம் சொல்லிக் காட்டணுமா?"

இருபத்தொன்பது வருஷக் குடித்தனத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. அவர் அம்மாவை அடக்கம் பண்ணினபோதுகூடக் கல் மாதிரி நின்றவர். அடுப்படியில் போய் நின்றேன். தோல் வேலை செய்கிற ஊர்க்காரிக்கு வேறென்ன யோசனை வரும்? ஒரு தோலில் ஒரு பக்கம் முழுக்கப் பழுது என்றால் யாரும் அதோடு மல்லுக்கு நிற்பதில்லை. அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு நல்ல பக்கத்தில் அச்சு வைப்போம். இந்த ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. அவரே கட்டிங் ஆட்களைப் பார்த்து எத்தனை தரம் கத்தியிருக்கிறார்: "கெட்டதுல இன்னாடா மொய்க்கிற? நல்ல பக்கத்துல வை!"

கத்தியை எடுத்து வந்து தோலை நடுவில் வெட்டினேன். இடது பத்துக் கட்டத்தைச் சுருட்டித் தையல் மெஷின் டிராயரில் போட்டேன். மிச்சத்தின் வெட்டு ஓரத்தில் 'வீடு' என்று எழுதி, அவருடைய வலது தொடைக்குப் பக்கத்தில் விரித்தேன். என் நாற்காலியையும் வலது பக்கம் போட்டுக்கொண்டேன்.

அன்றைக்கு அவர் ஜெயித்தார்.

பிறகு என்ன, எல்லாவற்றையும் வலது பக்கம் கொண்டுவந்தேன். தண்ணீர்ச் சொம்பு, போன், டிவி, காலண்டர். கட்டிலின் இடது பக்கத்தைச் சுவரோடு ஒட்டிப் போட்டேன், அந்தப் பக்கம் ஒன்றுமே இருக்கக் கூடாது என்று. இட்லித் தட்டைக்கூட வலது பக்கமாகத் தள்ளி வைத்தேன். பகலில் அவரை எட்டிப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு ஹலீமா பீயிடமும், "வலது பக்கமா வந்து கூப்டு, இல்லன்னா பேஜார் ஆய்டுவாரு" என்று சொல்லி வைத்தேன்.

சாயந்திரம் கம்பெனி வேன் என்னை இறக்கிவிட்டதும் வீட்டுக்கு ஓடுவேன். அவர் பட்டன்களை அடுக்கி வைத்துக்கொண்டு காத்திருப்பார். நான் தோற்றுவிட்டுப் பகடையில் ஓட்டை சரியில்லை என்றால், "ஆட மாட்டாதவ கூடம் கோணல்னாளாம். ஓட்ட போட்டதே நீதான்" என்பார். செப்டம்பர், அக்டோபர் இரண்டு மாதமும் அந்த வீட்டில் சிரிப்பு இருந்தது. கல்யாணமான புதிதில்கூட நாங்கள் அப்படி எதிரெதிரே உட்கார்ந்து முகம் பார்த்துப் பேசியதில்லை. என் வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்த நாட்கள் எவை என்று யாராவது கேட்டால் அவற்றைத்தான் சொல்வேன். அதுதான் கொடுமை.

நவம்பர் கடைசியில் பாகாயத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ஆட்டத்தை ஒயர் கூடையில் வைத்துக்கொண்டு போனேன். போனிலேயே ஹஃப்ஸாவிடம் பெருமை அடித்திருந்தேன். "பொறந்ததுலருந்து வெளையாடினா மாதிரி வெளையாட்றாரு மேடம்."

அவள் முதலில் அவரிடம் ஒரு வெள்ளைத் தாளில் கடிகாரம் வரையச் சொன்னாள். ஜூலையிலும் இப்படி ஒன்று வரையச் சொல்லியிருந்தாள். வரைந்ததும் பழைய தாளை எடுத்துப் புதிய தாளோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஜோடி பார்ப்பதுதான் என் பிழைப்பு. ஜூலைக் கடிகாரத்தில் பன்னிரண்டிலிருந்து ஆறு வரை வலது பக்கம் இறங்கி, ஏழும் எட்டும் தட்டுத் தடுமாறியாவது இடது பக்கம் ஏறியிருந்தன. நவம்பர்க் கடிகாரம் ஐந்தோடு நின்றுவிட்டது.

"சூப்பரா இருக்குது இல்ல?" என்று அவர் கேட்டார்.

"நல்லா இருக்குது அங்கிள்" என்றாள் ஹஃப்ஸா. பிறகு ஆட்டத்தை வாங்கிப் பார்த்தாள். வெட்டு ஓரத்தில் விரலை ஓட்டினாள். கட்டத்தின் கோடுகள் அங்கே பாதியில் அறுந்திருந்தன.

"இதோட மிச்சம் எங்க ஆன்ட்டி?"

"வீட்ல இருக்குது."

"நீங்க எந்தப் பக்கம் ஒக்கார்றீங்க?"

"வலது பக்கம்."

"தண்ணி, போனு?"

அவரை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு வந்து, அந்தப் பெண்ணின் மேல் பாய்ந்தேன். "உங்களுக்கு இன்னா மேடம், டூட்டி முடிஞ்சா போய்டுவீங்க. அழுவறவரு கூட நான்தான இருக்கணும்? அவரு மூஞ்சி வாடறத நீங்க பாத்தீங்களா? ரெண்டு மாசம் அவரு சிரிச்சாரு. சிரிச்சது தப்பா?"

"தப்புன்னு நான் சொல்லல ஆன்ட்டி." அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. "மிச்சத்த எடுத்து மறுபடி சேத்துத் தைங்க. லெஃப்ட் ஓரத்துல செவப்பு நூலு ஒண்ணு ஓட்டுங்க. ஒவ்வொரு தடவையும் மொதல்ல செவப்பு நூல தொடணும், அப்புறம்தான் பகடை. நீங்க அந்தப் பக்கம் ஒக்காருங்க."

"இப்ப பண்ணா வருமா?"

"பண்ணிப் பாக்கலாம் ஆன்ட்டி."

பார்க்கலாம். லைனில் ஒரு ஷூ தேறாது என்று தெரிந்தும், தைத்தவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல மனசு வராதபோது நான் சொல்கிற வார்த்தை அது. அதன் அர்த்தம் எனக்குத் தெரியும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவருக்கு ஜன்னலோரம் கிடைத்தது. ஜன்னல் அவருக்கு இடது பக்கம். மலை, ஏரி, பாலாற்றுப் பாலம் எல்லாம் போயின. அவர் வலது பக்கம் உட்கார்ந்திருந்த என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். மூன்று நாலு மாதம்தான் முக்கியம் என்றாள். அந்த மூன்று மாதத்தையும் நான் சுருட்டி டிராயரில் போட்டுவிட்டேன். பழுது பட்டது தோல் இல்லை, மனுஷன் என்பது எனக்கு ஏன் தோன்றவில்லை? தோலுக்கு இனிமேல் ஒன்றும் வளராது, வெட்டலாம். மனுஷனுக்கு வளரும் என்று அந்தப் பெண் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாளே. அவருடைய அழுகையை என்னால் பார்க்க முடியவில்லை. அதற்காக அவருடைய பாதி உலகத்தை வெட்டிப் போட்டேன். முகத்துக்கு நேரே யாரையும் குறை சொல்லத் தெரிந்த எனக்கு என் குறை கண்ணில் படவே இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் தோலைச் சேர்த்துத் தைத்தேன். நடுவில் தையல் மேடு தட்டியது. இடது ஓரத்தில் சிவப்பு நூலை மூன்று ஓட்டு ஓட்டினேன். கட்டிலைச் சுவரிலிருந்து இழுத்து நகர்த்தினேன். அவருக்கு முன்னால் தோலை நடுவாக விரித்தேன். வலது கோடியில் இரண்டு பேர் காய்களையும் அடுக்கிவிட்டு, சத்தம் இல்லாமல் அவருக்கு இடது பக்கம் போய் உட்கார்ந்தேன். எனக்கும் அவருக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை.

அவர் என்னுடைய பழைய இடத்தைப் பார்த்தார். வெறும் நாற்காலி. "புஷ்பா, வா, ஆரம்பிக்கலாம்."

"இங்கதாங்க இருக்கேன்."

குரல் கேட்டு இன்னும் வலது பக்கம் திரும்பினார். கதவைப் பார்த்தார், அடுப்படிப் பக்கம் பார்த்தார். "எங்க இருக்க?"

"இன்னிக்கி புது ரூலு. மொதல்ல செவப்பு நூல தொடணும். அப்புறம்தான் பகடை. வெரல வச்சி ஒவ்வொரு கட்டமா எண்ணிக்கினே வாங்க."

ரூல் என்றால் அவருக்குப் பிடிக்கும். வலது கை விரலை முதல் கட்டத்தில் வைத்தார். "ஒண்ணு, ரெண்டு, மூணு." கண் வலது பக்கமே இருந்தது, விரல் மட்டும் போனது. பத்தில் தையல் மேடு இடித்தது. நின்றார். "இங்கதான வீடு?" என்றார்.

"இல்லிங்க. இன்னும் இருக்குது."

"பதினொண்ணு, பன்னெண்டு." தெரியாத வீட்டில் விளக்கு அணைந்துவிட்டால் சுவரைத் தடவிக்கொண்டு போவோமே, அப்படிப் போனது அந்த விரல். சிவப்பு நூலுக்கு அந்தப் பக்கம் என் கையை மல்லாத்தி வைத்தேன். "பதினெட்டு, பத்தொம்பது, இருவது." விரல் நூலைத் தடவியது. நூலைத் தாண்டியது. என் உள்ளங்கையில் வந்து விழுந்தது.

பிடித்துக்கொண்டார். கட்டை விரலால் என் மோதிரத்தை ஒரு தரம் தடவினார். இருபத்தொன்பது வருஷத்துக்கு முன் அவரே போட்ட மோதிரம். ஆண்டவரே, ஆண்டவரே என்று என் நெஞ்சு அடித்துக்கொண்டது. இதோ திரும்பப் போகிறார், இதோ பார்க்கப் போகிறார்.

அவர் திரும்பினார். என் கையை விடாமலே வலது பக்கம் திரும்பி, வெறும் நாற்காலியைப் பார்த்து, விருந்தாளி காதில் விழாதபடி மெதுவான குரலில் சொன்னார்:

"புஷ்பா, நம்ம வூட்டுக்கு யாரோ வந்துருக்காங்க. டீ போடு."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முந்தானையை வாயில் வைத்து அடக்கினேன். நான் அழுதால் அந்தச் சத்தத்துக்கும் அவர் வலது பக்கம்தான் திரும்புவார்.

"டீ அப்புறம் போட்றேன்" என்றேன். "நூல தொட்டுட்டீங்க இல்ல? பகடைய போடுங்க."

பகடை போட வேண்டுமானால் என் கையை விட வேண்டும். அவருக்கு இருப்பது அந்த ஒரு கைதான். விட்டார். பகடையைப் போட்டார். நான்கு விழுந்தது. பித்தளைப் பட்டனை எடுத்து, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணி வைத்துவிட்டு, நாற்காலியைப் பார்த்து, "உன் ஆட்டம்" என்றார்.

நான் இடது கையால் பகடையை எடுத்தேன். வலது கையைச் சிவப்பு நூலுக்கு அந்தப் பக்கம் வைத்த இடத்திலேயே வைத்திருந்தேன். அவர் காய் இங்கே வந்து சேர இன்னும் பதினாறு கட்டம் இருந்தது.